மத்தியானம் இரண்டு மணிக்கு யார் படிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். நான் மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலி ஈஸ்டில் இருக்கிறேன். டைப்பிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு 1986ல் கும்பகோணம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். முதலில் மாதுங்காவில் மாமா வீடு, அப்புறம் செம்பூரில் பேயிங் கெஸ்ட், கல்யாணத்துக்குப் பிறகு டோம்பிவிலி. ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ரிடையர் ஆனேன்.

நான் படித்ததெல்லாம் லோக்கல் ரயிலில்தான். டோம்பிவிலியிலிருந்தே கிளம்பும் ஃபாஸ்ட் ரயிலில் போவேன், உட்கார இடம் கிடைத்துவிடும். ஒரு பக்கம் பஜனை கோஷ்டி தாளம் போடும், எதிரே நாலு பேர் மடியில் பெட்டியை வைத்துச் சீட்டாடுவார்கள். எனக்கு எதுவும் காதில் விழாது. பார்சிக் சுரங்கத்துக்குள் ரயில் நுழைவதற்குள் கதைக்குள் போயிருப்பேன். தாதர் தாண்டியதும் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தால், திரும்ப எடுப்பது சாயங்காலம்தான். அசோகமித்திரன், தி. ஜானகிராமன், நாஞ்சில் நாடன் எல்லாம் அப்படிப் படித்ததுதான். ரிடையர் ஆனால் நாள் முழுக்கப் படிக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இப்போது நாள் முழுக்க எனக்குத்தான். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் புத்தகத்தைப் பிரித்தால் நாலாம் பக்கத்தில் கண் சொருகுகிறது. எழுந்தால் டீ, அப்புறம் வாட்ஸப், அப்புறம் நியூஸ். இந்த இரண்டு வருஷத்தில் ஐந்து புத்தகம்கூட முடிக்கவில்லை. என் மனைவியும் படிப்பாள், பெரும்பாலும் தொடர்கதைகள். பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய வால்யூம்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. போன வாரம், "நீங்க வீட்டோட இருக்க ஆரம்பிச்சப்புறம் நான் படிக்கறதே நின்னுபோச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது இருக்கட்டும்.

எனக்குப் பழைய வாசிப்பு திரும்பி வர என்ன வழி? இந்த வயதில் படிக்க வேண்டியவை என்று ஒரு லிஸ்ட் தர முடியுமா? இன்னொன்று. எங்கள் சொசைட்டி ரீடெவலப்மென்டுக்குப் போகிறது, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அடுத்த வருஷத்துக்குள் காலி செய்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். என்னிடம் அறுநூறு புத்தகம் இருக்கும். மகன் புனேயில் இருக்கிறான், இங்கிலீஷ்தான் படிப்பான். பேரன் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. இவற்றை என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கே., டோம்பிவிலி

*

அன்புள்ள கே. அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வரியை. "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. நீங்கள் கேட்டிருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் வழி அந்த வரி வழியாகத்தான் போகிறது என்று தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் காலையில் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டுக்கு ஒரு கால அட்டவணை இருந்திருக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பாத்திரம் தேய்க்கும் பாயி வரும் நேரம், பையன் ஸ்கூலிலிருந்து வரும் நேரம். காய்காரன், கூரியர், மெயின்டனன்ஸ் பில்லோடு வரும் வாட்ச்மேன் என்று எல்லாரும் மணி அடித்து ஓய்ந்த பிறகு, சுமார் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, மும்பைக் கட்டடங்களில் ஒரு அமைதி வரும். எந்த மாடியிலும் குக்கர் சத்தம் கேட்காது. நம் ஊர்ப் பெண்கள் பத்திரிகையைக் கையில் எடுத்தது அப்போதுதான். ஒரு வீட்டில் கல்கி வாங்குவார்கள், எதிர் வீட்டில் விகடன், மேல் மாடியில் மங்கையர் மலர். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் கை மாறி, தொடர்கதைப் பக்கத்தை யார் கிழித்துக்கொள்வது என்பதும் பேசி முடிவாகியிருக்கும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி அப்படித்தான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஃபாஸ்ட் லோக்கல் எப்படியோ, அவருக்கு அந்த இரண்டு மணி நேரம் அப்படி.

நீங்கள் ரிடையர் ஆனபோது உங்கள் லோக்கல் மட்டும் போகவில்லை, அவருடையதும் போயிற்று. உங்களுடையது போனதை ஆபீசில் மாலை போட்டுச் சொன்னார்கள். அவருடையது போனதை யாரும் சொல்லவில்லை, அவரே சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

இதில் நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் அன்பான மனிதர் என்றுதான் தெரிகிறது. நீங்கள் எதையும் செய்யாமல் வெறுமனே இருப்பதே போதும், அதுதான் விஷயம். டோம்பிவிலியின் பழைய சொசைட்டி வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஹாலிலிருந்து நாலு எட்டில் சமையலறை. அங்கே ஹாலில் ஒருவர் உட்கார்ந்தால் வீடு முழுக்க உட்கார்ந்த மாதிரி. தனியாக இருந்தவரை காலையில் வைத்த குழம்பையும் தயிர் சாதத்தையும் பன்னிரண்டுக்கோ ஒன்றரைக்கோ தோன்றின நேரத்தில் சாப்பிட்டிருப்பார். இப்போது ஒரு மணிக்குச் சூடாகச் சாப்பாடு, அப்பளம், அதற்கப்புறம் பாத்திரம், மூன்றரைக்கு டீ. நடுவில் "அந்த சார்ஜர் எங்கே?", "பேங்க் பாஸ்புக் எங்கே வெச்சே?". ஒவ்வொன்றும் அரை நிமிஷம்தான். ஆனால் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய் வந்தால் எந்தக் கதைக்குள்ளும் போக முடியாது. பஜனையும் சீட்டாட்டமும் உங்களைத் தொந்தரவு செய்யாததற்குக் காரணம், அவர்களில் ஒருவரும் உங்களிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான்.

என் அப்பா ரிடையர் ஆன பிறகு எங்கள் செம்பூர் வீட்டில் நடந்ததும் இதேதான். அம்மா அதுவரை மத்தியானம் ஜன்னலோரம் பாயை விரித்துக் காலை நீட்டிக்கொண்டு படிப்பாள். அப்பா வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் அந்த இடத்தில் அவருடைய ஈஸி சேர் வந்தது, காற்று அங்கேதான் வரும் என்பதால். அம்மா சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, பால் பொங்கும்வரை நின்றுகொண்டே படிக்கப் பழகினாள். அப்பா ஒரு நாள்கூட அவளைப் படிக்காதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதற்குச் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். அதோடு, அந்த வேலையில் கை வைக்கும் பெண்கள் 100க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர்தான். 299 நிமிஷம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆபீசில் உங்களுக்கு 60 வயதில் ரிடையர்மென்ட் இருந்தது, கிராஜுவிட்டி இருந்தது. இந்த ஐந்து மணி நேரத்துக்கு ரிடையர்மென்ட் வயது என்று எதுவும் கிடையாது.

நம் மும்பையிலேயே இருக்கும் எழுத்தாளர் அம்பை இதைத் தமிழில் யாரும் மறக்க முடியாதபடி எழுதியிருக்கிறார். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற கதை, 1988ல் அதே பெயரில் தொகுப்பாகவும் வந்தது. அஜ்மீரில் ஒரு பெரிய குடும்பம். வீட்டில் எத்தனையோ அறைகள், ஆனால் பெண்களின் முழு வாழ்வும் அந்த ஒரு மூலையில் கழிகிறது. நீங்கள் படித்திருப்பீர்கள். லோக்கலில் படித்திருந்தால் இப்போது வீட்டில், சமையலறைப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படியுங்கள். வேறு கதையாக இருக்கும்.

சரி, என்ன செய்வது? நான் சொல்வது இரண்டு காரியம். முதலாவது, ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சமைக்கும்போது பக்கத்தில் போய் நின்று "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்பது வேண்டாம். உங்களுக்கு வேலை சொல்வதும் அவருக்கு ஒரு வேலைதான். ராத்திரிச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பண்ணுவது என்று காலையிலேயே யோசிப்பது, வெங்காயம் இருக்கிறதா என்று பார்ப்பது, ஸ்டேஷன் மார்க்கெட்டில் காய் வாங்குவது, சமைப்பது, சமையல் மேடையைத் துடைப்பது, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைப்பது, மறுநாள் மாவுக்கு உளுந்தும் அரிசியும் ஊறப்போட வேண்டுமா என்று ஞாபகம் வைத்துக்கொள்வது வரை எல்லாம் உங்களுடையது. இத்தனை வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்தவருக்கு இது முடியாத காரியமில்லை. முதல் மாதம் உப்பு கூடும், குறையும். அவர் எட்டிப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லி உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் காய் நறுக்கும்போது அவர் அந்த வால்யூம்களிலிருந்து சத்தமாகப் படிக்கலாம், அவருக்கு இஷ்டமிருந்தால். இல்லாவிட்டால் அவர் பாட்டுக்குப் படிக்கட்டும்.

இரண்டாவது, மத்தியானம் வீட்டை விட்டு வெளியே போங்கள். வாரத்தில் மூன்று நாலு நாள், சாப்பாடு ஆனதும். எங்கே போவது என்று கேட்பீர்கள். லோக்கலில்தான்! உங்களுக்குப் படிக்க வந்தது ரயிலில். அந்த ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் காலை ஊன்ற இடமில்லாத அதே பெட்டி, மத்தியானம் கூட்டமில்லாமல் போகும். ஃபாஸ்ட் வேண்டாம், ஸ்லோவில் ஏறுங்கள். ஜன்னலோரம் கிடைக்கும். டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி. ஸ்டேஷன்) வரை 48 கிலோமீட்டர், எல்லா ஸ்டேஷனிலும் நின்று போனால் நிதானமாக அறுபது எழுபது பக்கம் ஓடும். முழுக்கப் போக வேண்டும் என்றுகூட இல்லை. குர்லாவில் இறங்கி எதிர் பிளாட்ஃபாரத்தில் திரும்பி ஏறலாம். பீக் நேரத்துக்கு முன்னால் வீடு திரும்பிவிட வேண்டும், அது மட்டும் கவனம்.

இதைச் சும்மா ஒரு யோசனைக்காகச் சொல்லவில்லை. உங்கள் கண் நாலாம் பக்கத்தில் சொருகுவதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது. ரயிலில் உங்கள் வாசிப்புக்கு இரண்டு பக்கமும் வேலி இருந்தது. டோம்பிவிலியில் ஆரம்பம், தாதரில் முடிவு. தாதர் வந்துவிடுமே என்ற அவசரம் இருந்ததால்தான் ஒரு வரியும் வீணாகப் போகவில்லை. இப்போது வேலி இல்லை. நாளைக்கும் படிக்கலாம், ராத்திரியும் படிக்கலாம் என்று இருக்கும்போது மனசு தூங்கப் போய்விடுகிறது. அதோடு, சாதம் சாப்பிட்டு அரை மணிக்குள் ஈஸி சேரில் சாய்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? நேரே உட்கார வைக்கும் ரயில் பெஞ்ச் இந்த வேலைக்கு ரொம்ப நல்லது. வீட்டில் படிக்கிற நாளில், எழுதுவதற்குப் போடுகிற மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கண்ணைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கண்புரை மெல்ல வரும்போது எழுத்து மங்குவதை நாம் தூக்கம் என்று நினைத்துவிடுகிறோம்.

வெயில் நாளில் ரயில் வேண்டாமென்றால், உங்களுக்குப் பழகின ஃபோர்ட் பக்கத்திலேயே, தோபி தலாவில் பீப்பிள்ஸ் ஃப்ரீ ரீடிங் ரூம் இருக்கிறது. 1845ல் தொடங்கியது. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நடக்கிற தூரம். அங்கே தமிழ்ப் புத்தகத்துக்காகப் போக வேண்டாம், உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்காகப் போங்கள். நாலு பேர் தலை குனிந்து படிக்கும் இடத்தில் நம் தலையும் தானே குனியும். திரும்பும்போது மாதுங்காவில் இறங்கி கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளைப் பார்த்துவிட்டு, காபிப் பொடியும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு வரலாம். அந்த நேரமெல்லாம் வீட்டில் உங்கள் மனைவி மட்டும் இருப்பார்.

லிஸ்ட் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன், மன்னிக்கவும். ரிடையர் ஆனவருக்கு நூறு புத்தகப் பட்டியல் கொடுப்பது மறுபடியும் ஒரு ஆபீஸைத் திறந்து கொடுப்பது. உங்களிடம் ஏற்கெனவே அறுநூறு இருக்கின்றன, அதில் நல்லவை நிறைய. அவற்றையே திரும்பப் படியுங்கள். உதாரணத்துக்கு, நாஞ்சில் நாடனின் 'மிதவை' 1986ல் வந்தது. நீங்கள் பம்பாய்க்கு வந்த அதே வருஷம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊரை விட்டு இந்த நகரத்துக்கு வரும் ஒரு பையனின் கதை. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் படித்தபோது அந்தப் பையன் நீங்களாக இருந்திருப்பீர்கள். இன்று படித்தால், அவனை ரயிலேற்றிவிட்டு ஊரில் நிற்பவர்கள் கண்ணில் படுவார்கள். நாஞ்சில் நாடன் இந்த நகரத்தில் பல வருஷம் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய 'சதுரங்கக் குதிரை'யும் பம்பாய்தான். அதை அடுத்ததாக எடுக்கலாம்.

அதற்கப்புறம் அந்த டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்று. எதை என்று அவரிடமே கேளுங்கள். "பெரும்பாலும் தொடர்கதைகள்" என்று நீங்கள் எழுதியிருந்த விதம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நான் இலக்கியப் பத்திரிகைகளில் எழுதி வந்தவள்தான், ஆனால் என்னை வாசகியாக ஆக்கியவை அம்மா பைண்டு பண்ணி வைத்த தொடர்கதைகள். எழுத்தாளர் லக்ஷ்மியை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரியில் படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தவர், டாக்டர் ஆனார், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார், எழுதுவதை விடவில்லை. 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். அவர் நாவல்களில் ஒரு பெண் சம்பாதிப்பதும், தன் கல்யாணத்தைப் பற்றித் தானே யோசிப்பதும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை மத்தியானம் இரண்டு மணிக்குப் படித்த பெண்கள், படித்துவிட்டுத் தங்கள் பெண்களை மேலே படிக்க அனுப்பினார்கள். வாரப் பத்திரிகைகளைத் தாங்கி நின்றதும் அவர்கள்தான். அடுத்த இதழுக்காகக் காத்திருந்து, காசு கொடுத்து வாங்கி, கிழித்து, வரிசைப்படுத்தி, பைண்டரிடம் கொடுத்து வாங்கிய வாசகர்கள். உங்களுடைய அறுநூறை விட அந்தப் பெட்டியில் உழைப்பு அதிகம் இருக்கிறது.

வீட்டைக் காலி செய்வதைப் பற்றி. இங்கே கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன், ஏனென்றால் ரீடெவலப்மென்ட் என்றால் என்ன ஆகும் என்று பக்கத்துக் கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டில் லாஃப்ட் இருக்காது, இருந்தால் வீட்டுக்காரர் சாமான் அதில் இருக்கும். புதுக் கட்டடம் சொன்ன தேதிக்கு வருவது அபூர்வம், ஆகவே அட்டைப் பெட்டிக்குள் போகும் புத்தகம் சில மழைக்காலம் அதற்குள்ளேயே கிடக்கும். மும்பை மழையில் அட்டைப் பெட்டியும் புத்தகமும் சேர்ந்து பூசணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முடிந்தால் ஜூனுக்கு முன்னால் கட்டுங்கள். நல்ல வெயிலில் புத்தகங்களைக் காற்றாட வைத்து, மூடி இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, வசம்புத் துண்டு போடுங்கள். தரையோடு வைக்காதீர்கள், கீழே ஒரு பலகை இருக்கட்டும். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அன்றைக்கு மும்பையில் தரைத்தள வீடுகளில் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போயிற்று. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அறுநூறையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இன்று எளிதாகக் கிடைப்பவை, நாட்டுடைமை ஆனவை, நீங்கள் மறுபடி தொடப் போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்தவை, இவற்றைக் கொடுத்துவிடலாம். எழுத்தாளர் கல்கி போன்றவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, யாரும் வெளியிடலாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்க 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவற்றில் பல இலவசமாக இருக்கின்றன, டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்க உங்கள் கண்ணுக்கும் சௌகரியம். கொடுப்பதற்கு முன் சயானில் தமிழ்ச் சங்கத்திலோ வேறு எந்த நூலகத்திலோ போன் பண்ணிக் கேளுங்கள். கேட்காமல் மூட்டையைக் கொண்டு இறக்கினால் அவர்களுக்கும் இடமில்லை, பாதி பழைய பேப்பருக்குத்தான் போகும். எதை வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். அந்த அறுநூறு அத்தனை வருஷம் தூசி தட்டப்பட்டு இருந்தது அவர் கையால்.

அந்த பைண்டு வால்யூம்களை மட்டும் யாருக்கும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்து சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன். 'பொன்னியின் செல்வன்' புத்தகமாக எங்கும் கிடைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு, அந்தப் பக்க அமைப்போடு, ஓரத்து விளம்பரத்தோடு கிடைப்பது அபூர்வம். பின்னால் வந்த தொடர்கதைகளில் எத்தனையோ புத்தகமாக வரவே இல்லை. அவை இருப்பது இந்த மாதிரி வீட்டுப் பெட்டிகளில்தான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994ல் உருவானதே, கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் ஒரு ஓவியர் தன் வாழ்நாளெல்லாம் வீட்டில் சேர்த்து வைத்த பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வைத்துத்தான். உங்கள் மனைவி செய்திருப்பதும் அதே காரியம். அவருக்கு வைத்துக்கொள்ள ஆசையென்றால் வாடகை வீட்டில் முதல் அலமாரி அதற்கு. கொடுக்க நினைத்தால் அந்த மாதிரி இடத்தில் அவர் பெயரிலேயே கேட்கலாம்.

பேரனைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தமிழ் காதில் விழுந்து புரிகிறதல்லவா, பாதி வேலை முடிந்தது. ராத்திரி வீடியோ காலில் பத்து நிமிஷம் கதை படித்துக் காட்டுங்கள், நீங்கள் ஒரு நாள், பாட்டி ஒரு நாள். கதை முக்கியமான இடத்தில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். தொடர்கதை படித்து வளர்ந்த உங்கள் மனைவிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். அதற்கு மேல் எழுத்து கற்றுக்கொள்ள வேண்டுமா என்று அவன் முடிவு செய்யட்டும்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். டிரங்குப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். தொடரின் பெயர், எழுதியவர், பத்திரிகை, தெரிந்தால் வருஷம், படம் வரைந்தவர், நடுவில் எந்த வாரம் விட்டுப்போயிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் சரியாக வரும். காலி செய்யும் தேதி தெரிந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். அவற்றில் எது புத்தகமாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று எனக்குத் தெரிந்த நூலக நண்பர்களிடம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் மனைவி தனியாக ஒரு கடிதம் எழுதினால் அதையும் இங்கே வெளியிடுவேன், அவர் விரும்பினால் பெயரோடு.

அன்புடன்,
செம்பூர், மும்பை